கெதியா இறங்குங்கோ!

கப்பல் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஓசூர் பஸ் நிலையத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நிற்கிற ஊர். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். இந்தப் பக்கம் சூளகிரி, கிருஷ்ணகிரி. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பிறகு லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு தொழிற்சாலையாக முளைத்தன. காலை ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கிற நேரத்தில் எங்கள் தெருமுனையில் நின்று பார்க்க வேண்டும்! நடத்துநர் ஒருவர் "பேக பேக இளீரி" என்று கன்னடத்தில் கத்துவார். பக்கத்து பஸ்ஸில் "தொந்தரகா திகண்டி" என்று தெலுங்கு. நம்மவர், "இறங்கும்மா, இறங்கு, இறங்கு!" மூன்று பாஷையிலும் ஒரே விஷயம்தான்: சீக்கிரம் இறங்கு.

இருபத்து மூன்று வருஷமாக இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிற எனக்கு, வண்டியை விட்டு இறங்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். 2023-ம் வருஷம் ஆடி மாதம், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் அந்தச் சிரிப்பு அடங்கியது.

ஓசூர்க்காரிக்குக் கப்பல் ஏது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வேலையில் சேர்ந்து 25 வருஷம் நிறைந்தது. அதற்காகக் கையில் ஒரு தொகை வந்தது. நான் வழக்கம்போல வளையல் கணக்குப் போட்டேன். இவரோ, "தங்கம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கடலுக்குள் ஒரு தடவை போய்ப் பார்ப்போம்" என்றார். அந்த வருஷம் ஜூன் மாதத்தில்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் போகத் தொடங்கியிருந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களின் பெயர் பேப்பரில் வந்திருந்தது. நாங்கள் போன பயணத்தில் முதல் இரண்டு ஊர்கள்.

திருகோணமலை என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வளையல் மறந்து போயிற்று. காரணம் என் தோழி.

என் பிறந்த வீடு காவேரிப்பட்டினம். அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் ரவிக்கைகளைத் தைத்துத் தருகிறவள் அவள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறாள். 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது, ஒன்பது வயதில் தாயோடு படகேறி வந்தவள். மூத்தவளுக்கு அப்போது பதினேழு வயது, கல்யாணமும் ஆகிவிட்டிருந்தது. அவள் திருகோணமலையிலேயே தங்கிவிட்டாள். தாயார் 2019-ல் இந்த முகாமிலேயே கண்ணை மூடினார். அக்காளும் தங்கையும் இப்போது செல்போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்து முப்பத்து மூன்று வருஷம்.

"நீயே ஒரு தடவை போய் வரக்கூடாதா?" என்று விவரம் தெரியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"போகலாம் அக்கா. திரும்பி வரத்தான் வழியில்லை. பிள்ளைகள் இங்க காலேஜ் படிக்குதுகள்" என்றாள்.

கப்பல் விஷயத்தைச் சொன்னதும் அவள் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். தாயார் கடைசியாகக் கட்டியிருந்த சுங்குடிச் சேலை, நாலாக மடித்து, பழைய துண்டில் சுற்றியிருந்தது. நாலு வருஷமாகத் துவைக்கவில்லையாம். "தபாலில் போட மனசு வரேல்லை. அக்கா கையில நீங்க குடுக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கப்பல் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள். அதுதான் விஷயம். அவளுடைய அக்காள் நிலாவெளிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை. மதியச் சாப்பாட்டுக்காகப் பதினொரு மணிக்குள் திரும்பக் கிளம்பியாக வேண்டும். லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. வேலையே இருக்குமா என்பதும் சந்தேகம். எங்கள் கப்பலோ காலை எட்டு மணிக்குத்தான் கரை சேரும். இடையில் இருப்பது மூன்று மணி நேரம். அதில் நான் கப்பலிலிருந்து இறங்க எடுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த அம்மாளின் கணக்கில் கழியும்!

ஓசூரிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் கிடையாது. பெங்களூர் போய்ச் சுற்ற வேண்டும். ஆகவே இரவு பஸ்ஸில் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கிட்டத்தட்ட எழுநூறு அடி நீளம், பதினோரு தளங்கள். பிரான்சில் கட்டி 1990-ல் பயணத்துக்கு விட்ட கப்பலாம். 1990! தோழி படகேறிய அதே வருஷம் என்று எனக்கு உடனே தோன்றியது. இவரிடம் சொல்லவில்லை.

ஒரு பகல் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு போனோம். எனக்குத் தலை சுற்றியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தெற்குக் கரைப் பக்கம் அலை கூடுதல், கிழக்குக் கரைப் பக்கம் அமைதி என்று கப்பல் சிப்பந்தி ஒருவர் சொன்னார். இஞ்சியைத் தட்டி உப்புப் போட்டு வாயில் அடக்கிக்கொண்டேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்கார்ந்து, கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறைகிறது. மாத்திரை வேண்டுமென்றால் அசைவு ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

மறுநாள் அம்பாந்தோட்டை. அங்கிருந்து கதிர்காமம் போகலாம். கப்பல்காரர்களே அழைத்துப் போகிற சுற்றுலாவும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். நாங்கள் இரண்டு பேராகவே வண்டி பிடித்துப் போய் முருகனைக் கும்பிட்டு வருவதாகத் திட்டம். இனி நான் செய்த அசட்டுத்தனங்களை வரிசையாகச் சொல்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

காலையில் நிதானமாகக் குளித்தேன். சாப்பாட்டு அறைக்குப் போனால் கல்யாணப் பந்தி மாதிரி கூட்டம். இட்லிக்காக நின்று, பிறகு காப்பிக்காக நின்றேன். அதற்குள் ஒலிபெருக்கியில் இறங்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சாப்பிட்டு எழுந்து லிப்ட் முன்னால் போனால் அங்கே ஒரு கூட்டம். வருகிற லிப்ட் எல்லாம் நிறைந்தே வருகிறது. கடைசியில் ஏறி இறங்கிய தளம் தப்பான தளம். விசாரித்து வாசலுக்குப் போனால், "கார்டு எங்கே?" என்கிறார் காவலர். அறைக் கதவைத் திறக்கிற அட்டைதான் கப்பலை விட்டு இறங்கவும் ஏறவும் அடையாளம். அதை மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்! இவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்பது மணிக்கு இறங்கியிருக்க வேண்டியவர்கள் பத்தே முக்காலுக்கு இறங்கினோம். துறைமுகத்துக்குள் நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. வெளி வாசல்வரை அவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். முதல் பஸ்கள் போய்விட்டதால் அதற்கும் காத்திருந்தோம். கதிர்காமம் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்தியாயிற்று. வெளியில் நின்று கும்பிட்டு, மாணிக்க கங்கையில் காலை நனைத்துவிட்டு, கப்பல் போய்விடுமே என்ற பயத்தில் திரும்பினோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முருகன் மன்னித்துவிடுவார். சேலையை வாங்க வருகிற அம்மாளிடம் போய், "இட்லிக்கு நின்றேன்" என்று சொல்ல முடியுமா?

எழுந்து உட்கார்ந்து, ஷிப்ட் பஸ் பிடிக்கிற வீட்டுக்காரி மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். ஆறு மணி ஷிப்டுக்கு இவரை அனுப்புகிற வீட்டில் முதல் நாள் இரவே டிபன் டப்பாவும் சாக்ஸும் அடையாள அட்டையும் ஒரே இடத்தில் இருக்கும். அந்தப் புத்தி கப்பலில் எங்கே போயிற்று?

இரவு பத்து மணிக்கு வரவேற்பு மேஜைக்குப் போனேன். "நாளைக்கு எந்தத் தளத்திலிருந்து இறங்க வேண்டும்? கப்பலின் முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டேன். இறங்கும் வாசல் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. கரையின் உயரத்தையும் கடலின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து மாற்றுவார்களாம். இது தெரியாதவர்கள்தான் காலையில் மாடிக்கும் கீழுக்கும் அலைகிறார்கள். பதில் கிடைத்ததும் எங்கள் அறையிலிருந்து அந்த வாசல்வரை படிக்கட்டு வழியாகவே ஒருமுறை நடந்து பார்த்தேன். அறுபத்து நான்கு படிகள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி நாலு நிமிஷம். என் முழங்காலும் ஒத்துக்கொண்டது.

ஒரு சின்னப் பையை எடுத்தேன். கார்டு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக எங்களிடம் கொடுத்திருந்த தாள்கள், பாஸ்போர்ட்டின் நகல், இலங்கைப் பணம், கப்பல்காரர்களின் துறைமுக ஏஜெண்ட் போன் நம்பர் எழுதிய சீட்டு, இவருடைய ரத்த அழுத்த மாத்திரை, ஒரு பாட்டில் தண்ணீர், பிறகு சேலை. அவ்வளவுதான். ஊரிலிருந்து அந்த அம்மாளுக்காக ஆறு பெங்களூரா மாம்பழம் கொண்டுவந்திருந்தேன். புதுப் பழம், செடி, மண் எதையும் அனுமதியில்லாமல் இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தது. பழத்தில் பூச்சியோ நோயோ கூடவே போய்விடும் என்பதால்தான் அந்தத் தடை. ஆறு பழங்களையும் எங்கள் தளத்துச் சிப்பந்திப் பையன்கள் சாப்பிட்டார்கள்.

காலை ஆறரைக்குச் சாப்பாட்டு அறை திறந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டோம். ஏழே காலுக்கு மேல்தளத்தில் நின்றேன். கப்பல் மெதுவாகத் திருகோணமலைக்குள் நுழைந்தது. இப்படி ஒரு துறைமுகத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. சுற்றிலும் பச்சை மலைகள், நடுவில் குளம் மாதிரி அசையாத கடல். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. இதன் ஆழத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆசைப்பட்டுப் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காக மோதியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன.

கப்பலைக் கட்டியவுடன் இறங்கிவிட முடியாது. அந்த நாட்டு அதிகாரிகள் ஏறிவந்து தாள்களைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் வாசல் திறக்கும். அந்த நேரம் பத்து நிமிஷமாகவும் இருக்கலாம், ஒரு மணியாகவும் இருக்கலாம். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் விரட்டுவார்கள். ஆகவே ஒரு தளம் மேலே, படிக்கட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எட்டு நாற்பதுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பு முடியும் முன்பே இருபது படிகளையும் இறங்கிவிட்டோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. கார்டைக் காட்டினேன். 'டிங்' என்றது. திரையில் என் முகம் வந்தது. கீழே இறங்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாள் கடலில் ஆடியவர்களுக்குக் கரையில் கால் வைத்ததும் தரை ஆடுவது போல இருக்கும். அந்தச் சரிவுப் பலகையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சீக்கிரம் என்றால் ஓட்டம் அல்ல. ஆயத்தமாக இருந்தால் ஓடவே வேண்டாம்.

முதல் பஸ்ஸில் வாசலுக்கு வந்து, ஓட்டோ பேசினோம். ஆட்டோவை அங்கே ஓட்டோ என்பார்கள். போகுமுன்பே எந்த எந்த இடம், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். நம் ஒரு ரூபாய்க்கு அப்போது அங்கே மூன்றரைக்கு மேல் கிடைத்தது. ஆகவே தொகையைக் கேட்டதும் திடுக்கிடாதீர்கள்! நேரம் மட்டும் நம் கடிகாரத்தில் உள்ள அதே நேரம்தான், மாற்ற வேண்டியதில்லை.

ஒன்பது பதினைந்துக்குப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் நின்றோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கோயில். கோபுரம் முழுக்கக் கண்ணைப் பறிக்கிற வர்ணம். கூட்டத்தில் எப்படி அடையாளம் காண்பது என்று கவலைப்பட்டேன். தேவையே இல்லை. என் தோழியின் மூக்கும் நெற்றியும் அப்படியே, கொஞ்சம் நரைத்த தலையோடு, எங்களை நோக்கி நடந்து வந்தது.

"வாங்கோ அக்கா. ஒன்பதரைக்கு மேலதான் வருவியள் எண்டு நினைச்சன். கெதியா இறங்கிட்டியள்" என்றாள். கெதியா என்றால் அவர்கள் பேச்சில் சீக்கிரம். என்னைவிட மூத்தவள், ஆனாலும் என்னைத்தான் அக்கா என்றாள்.

கோயில் திண்ணைப் பக்கம் உட்கார்ந்து பையைக் கொடுத்தேன். அவள் துண்டைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "கன்னியாவுக்குப் போவோமா? உங்களுக்கு நேரம் இருக்குதோ?" என்று கேட்டாள். "உனக்கு நேரம் இருக்கிறதா என்று சொல், எனக்கு மதியம் வரை இருக்கிறது" என்றேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஊரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர். சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு. எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. ஒன்றில் வெதுவெதுப்பு, அடுத்ததில் நல்ல சூடு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்குவம். பூமிக்கு அடியில் சூடேறி வருகிற நீர். ராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி, வாளால் ஏழு இடத்தில் குத்தி உண்டாக்கினான் என்பது ஐதீகம். அதனால் தாயை இழந்தவர்கள் இங்கே வந்து கடன் கழிப்பது அந்தப் பக்கத்துத் தமிழர்களின் வழக்கம்.

அவள் ஒரு ஓரமாகப் போய்த் துண்டைப் பிரித்தாள். சேலையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாட மணம் இன்னும் இருக்குது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இவர் தள்ளிப் போய் ஓட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் ஏழு கிணற்றிலும் நீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். சேலையை மட்டும் என் கையில் கொடுத்திருந்தாள், நனையக் கூடாது என்று.

திரும்பும் வழியில் ஓட்டோவில் தங்கையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டில் மழைக்கு ஒழுகுமா, அவள் இன்னும் இடது கையால்தான் சாப்பிடுகிறாளா! போனில் கேட்க முடியாத கேள்விகள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பத்து ஐம்பதுக்கு அவளை நிலாவெளி பஸ்ஸில் ஏற்றினோம். ஏறும் முன் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "தங்கச்சிட்டக் குடுங்கோ. புதுசில்லை. நான் கட்டின சீலைதான். அவளுக்கு விளங்கும்" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. முதல் நாள் மாதிரி இறங்கியிருந்தால் பஸ் நிலையத்தில் கையசைத்திருப்போம்.

பிறகு நாங்கள் கோணேசர் கோயிலுக்குப் போனோம். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். இலங்கையில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டே: இதுவும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும். 1620-களில் போர்ச்சுகீசியர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இப்போதும் கோட்டை வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் புள்ளிமான்கள் நம்மூர் ஆடுகளைப் போல மேய்கின்றன. கோயில் செங்குத்தான பாறை முனையில் நிற்கிறது. கீழே எட்டிப் பார்த்தால் நீலக் கடல். நடை சாத்தும் முன் தரிசனம் கிடைத்தது. கதிர்காமத்தில் விட்டதை அப்பனிடம் பிடித்தேன் என்று இவரிடம் சொன்னேன்.

இரண்டு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு மணிக்கே துறைமுக வாசலுக்கு வந்துவிட்டோம். கப்பல்காரர்கள் அழைத்துப் போகும் கூட்டம் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திராது. தனியாகச் சுற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் பொட்டலத்தைக் கொண்டுபோய்த் தோழியிடம் கொடுத்தேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டாள். நான் படியை எண்ணியதையும், முதல் ஆளாக இறங்கியதையும் சொன்னபோது சிரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "நாங்க வந்த அண்டைக்கு, விடியப்புறம் இருட்டில படகுக்காரன் ஒரு மணல் திட்டில நிப்பாட்டி, 'கெதியா இறங்குங்கோ, கெதியா இறங்குங்கோ' எண்டான். இடுப்பளவு தண்ணி. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினா. திரும்பிப் பாத்தா படகு இல்லை. கரை இதுதான் எண்டு நினைச்சம். விடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது, சுத்தி வரக் கடல்." அந்தப் பக்கத்து மீனவர்கள் பார்த்துப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்களாம்.

அக்காளின் சேலையை அவள் அன்று பெட்டியில் வைக்கவில்லை. அடுத்த தடவை நான் போனபோது கட்டிக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, கப்பலில் போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு:

• பயணச்சீட்டு வாங்கும்போதே பாஸ்போர்ட், விசா அனுமதி பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் போகும் ஊர்களும் மாதங்களும் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன.

• கரையில் கட்டும் துறைமுகமா, கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கொண்டுபோய் விடும் இடமா என்று கேளுங்கள். லட்சத்தீவில் அகத்தி போன்ற இடங்களில் படகுதான். அங்கே பெரும்பாலும் டோக்கன் முறை. காலையில் முதலில் டோக்கன் வாங்குகிறவர்களுக்கு முதல் படகு. மலேசியாவில் பினாங்கு போன்ற இடங்களில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும்; இறங்கி நடந்தே போகலாம்.

• தனியாகச் சுற்ற நினைப்பவர்கள், படிக்கட்டுக்கு அருகில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டமும் குறைவு, இறங்கவும் சுலபம்.

• முந்தின இரவே இறங்கும் தளத்தைக் கேட்டு, படி வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். காலையில் லிப்டை நம்பாதீர்கள். முழங்கால் வலியுள்ளவர்களும் பெரியவர்களும் மட்டும் லிப்டுக்கு முன்கூட்டியே போய்விடுவது நல்லது.

• கைக்குழந்தை இருந்தால் பால் கொடுத்து, துணி மாற்றி, அறையிலேயே கழிவறை வேலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். தள்ளுவண்டியைவிட இடுப்பில் கட்டும் துணித்தூளி சரிவுப் பலகைக்கு நல்லது.

• அறிவிப்பு வந்த முதல் ஐந்து நிமிஷத்தில் இறங்குங்கள். முடியவில்லையென்றால் வரிசையில் நின்று காலை வலிக்க விடாமல், முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டம் வடிந்ததும் போங்கள். நடுவில்தான் நெரிசல்.

• கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பாகத் துறைமுக வாசலில் இருங்கள்.

• கார்டு! அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கினால்கூடத் தப்பில்லை.

இப்போதும் காலையில் ஷிப்ட் பஸ் வந்து நின்று, "பேக பேக இளீரி" என்ற குரல் கேட்டால் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். என்ன பார்க்கிறாய் என்று மாமியார் கேட்கிறார். இறங்குகிறவர்களைத்தான் பார்க்கிறேன் என்கிறேன்.